ஒரே திசையில் நடப்பவர்கள்

எங்கள் மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள். எங்கள் பல்மரித்தோ பண்ணையில் கிளம்பினால் முதலில் ஓடைப்பள்ளம், பிறகு ஏற்றம், ஏற்றத்தின் தலையில் மொட்டைமேடு, மொட்டைமேட்டின் அந்தக் கரையில் எல் சவுஸ் பண்ணை, அங்கிருந்து நீலப்பனைப் பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடி பல்மரித்தோ. எல் சவுஸில் கிளம்புகிறவர்களும் இதே பக்கமாகப் போய் இதே பக்கமாகத்தான் வீடு சேருவார்கள். ஏற்றத்தில் பாறையை ஒட்டிப் போகும் தடம் ஒரு கழுதையின் அகலம். சுமையோடு இரண்டு மிருகங்கள் அங்கே எதிரெதிரே வந்துவிட்டால் ஏதாவது ஒன்று பள்ளத்துக்குப் போக வேண்டியதுதான். அதனால் எதிர்த்திசை என்று ஒன்று இருப்பதையே எங்கள் ஆட்கள் மறந்துவிட்டார்கள்.

மலையின் இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் ஆயுள் முழுக்க ஒரே தடத்தில் நடந்தாலும் ஒருவரையொருவர் பார்க்காமலே இருந்துவிடலாம். பார்ப்பது காலடிகளை மட்டும்தான். காலடி போதும் எங்களுக்கு. டயரில் அடி வெட்டித் தைத்த செருப்பை எல்லோரும் போடுகிறோம், ஆனால் ஒருவர் டயர் போல இன்னொருவர் டயர் இருக்காது. மண்ணைப் பார்த்து, இது லாஸ் தூனாஸ் பண்ணைக் கச்சீத்தா, இது அவள் மாமியார், மாமியார் கோபமாகப் போயிருக்கிறாள் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் வெளிநாட்டிலிருந்து மாட்டிக்கொண்டு வந்த பூட்ஸின் தடத்தைப் பார்த்து முதல் வாரமே மலை முழுக்கச் சிரித்தது. "பிதென்சியோ மக திரும்பி வந்துட்டா போல, டிராக்டர் ஓட்டிக்கிட்டு" என்றார்களாம்.

உபால்தினா ஆர்செ என் பெரியப்பா மகள். பல்மரித்தோவில் எங்கள் வீட்டுக்கு எதிரே, ஓடைக்கு அந்தக் கரையில் அவள் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையாக, வெயிலில் உலர்ந்த மரம் போலிருப்பாள். பெரியப்பாவின் தோல் தொப்பியைத்தான் போடுவாள், தலைக்குப் பெரிதான அது காதுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அவள் ஆடுகளும் அவள் சுனையும்தான் அவள் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் பனைக் கூட்டத்தின் காலடியில் ஊறும் அந்தச் சுனை, இரண்டு வருடம் மழை பொய்த்தபோதும் வற்றவில்லை. மற்ற பண்ணைக்காரர்கள் ஆடுகளை லாரியில் ஏற்றி விற்றபோது இவள் மட்டும் பால் கறந்து பாலாடைக்கட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

இளவயதில் ஒரு தடவை கடற்கரை ஊரில் ஒரு எஞ்சினீயர் வீட்டுக்குச் சமையலுக்குப் போயிருக்கிறாள். ஒரு கோடை முழுக்கக்கூட இருக்கவில்லை, நடந்தே வந்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்டபோது சொன்னாள்: "அங்க தரையெல்லாம் சிமெண்டுடீ, நெரே. யாரு வந்தா, யாரு போனான்னே தெரியல. குருடி மாதிரி இருந்துச்சு."

நான் எத்தனையோ சிமெண்டுத் தரைகளில் நடந்துவிட்டு வந்தவள். பார்சலோனாவில் பாத்திரம் கழுவினேன், கனடாவில் ஆப்பிள் பறித்தேன், ஒரு கப்பலில் படுக்கை விரித்தேன். போன குளிர்காலத்தில் வீடு திரும்பிய பிறகும் காலுக்கு அமைதி இல்லை. அதனால் உபால்தினா அக்கா அந்த வருடச் சுற்றுக்குச் சேணத்தைத் தூசி தட்டியதும் நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். வழக்கமாக முதல் பெருமழைக்குப் பிறகு அவள் மலையைச் சுற்றுவாள். எந்தச் சுனையில் எவ்வளவு நீர், எந்த ஆடு எங்கே போய்க் குட்டி போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள். இந்த முறை அவள் போவது ஆட்டுக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். மலை முழுக்கவும் தெரியும்.

எல் சவுஸில் நிக்கானோர் முரியோ என்று ஒருவர். மனைவி செத்துப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அவரும் மழைக்குப் பிறகு சுற்றுகிறவர்தான். அக்காவுக்கு அவரைக் காலடியில் தெரியும். இடது கால் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும், ஒரு கழுதை தள்ளிவிட்டதால் வந்தது. முன்பெல்லாம் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடம் இருக்குமாம். ஒரு வருடம் அந்தச் சின்னத் தடம் அடிக்கடி நின்று நின்று போயிருந்தது. அடுத்த வருடம் அது இல்லை. பெரிய தடம் மட்டும், சுனைக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்த பள்ளத்தோடு. அக்கா அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலாடைக்கட்டியைத் துணியில் முடிந்து கிளையில் தொங்கவிட்டு வந்தாள். அடுத்த சுற்றில் அதே கிளையில் துவைத்து மடித்த துணி தொங்கியது. உள்ளே பேரீச்சம்பழம்.

அப்படியே வருடங்கள் ஓடின. ஊர்த்திருவிழாவில் பார்த்துக்கொண்டால் "சௌக்கியமா?", "சௌக்கியம்", அவ்வளவுதான் பேச்சு. கட்டியைப் பற்றியோ பழத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

இந்த வருடத் திருவிழாவில்தான் அவர் வாயைத் திறந்தார். இறைச்சிச் சட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம்: "என் மக மழை முடிஞ்சதும் லாரி அனுப்புறேங்கிறா. கடற்கரை ஊர்ல அவகூடவே வந்து இருந்துடச் சொல்றா. நீங்க எல் சவுஸுக்கு வர்றதா இருந்தா நான் போகல."

"மழை பெய்யட்டும், சொல்றேன்" என்றாளாம் அக்கா.

மழை பெய்துவிட்டது. கிளம்பும் காலை, அக்கா வீட்டு ரேடியோப் பெட்டி கரகரத்தது. மலையில் ஒவ்வொரு வீட்டிலும் அது உண்டு. ஒருவர் பேசினால் எல்லோரும் கேட்கலாம், எல்லோரும் கேட்பார்கள்.

"பல்மரித்தோ, பல்மரித்தோ! உபால்தினா அக்கா, கழுதைக்குச் சேணம் போட்டாச்சாமே?" கச்சீத்தாவின் குரல்.

"யாரு சொன்னது?"

"உங்க சித்தப்பாதான் விடியக்காலையே சொல்லிட்டாரு."

அக்கா ஓடைக்கு அந்தப்புறம் நின்ற என் அப்பாவை முறைத்தாள். அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

"சுனை பாக்கப் போறேன், கச்சீத்தா. வேறென்ன?"

"எந்தச் சுனை அக்கா?"

இடையில் ஏதோ ஆண்குரல் புகுந்தது: "அந்தச் சுனைக்கு மீசை இருக்குமே!"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. ஏழெட்டுப் பண்ணைகளின் சிரிப்பு ஒரே தகரத்துக்குள் மாட்டிக்கொண்டு அதிர்ந்தது. எல் சவுஸிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை. வெட்கப்படுகிறார் போலும் என்று நினைத்தோம்.

"பதிலை இதுலயே சொல்லிடேன் அக்கா, நடை மிச்சம்" என்றேன்.

"சொல்லிடலாம். அப்புறம் கச்சீத்தா மாமியாரும் சேர்ந்து பதில் சொல்லுவா." பெட்டியை அணைத்துவிட்டுக் கழுதையின் வாரை இழுத்துக் கட்டினாள். அந்தக் கோவேறு கழுதைக்குக் கவர்னரம்மா என்று பெயர். யார் வேகத்துக்கும் அது நடக்காது.

ஓடைப்பள்ளத்தில் நுழைந்ததும் பேச்சு தானாகக் குறைந்துவிடும். மழை கழுவிய பாறைகள் இன்னும் ஈரமாய், கருஞ்சிவப்பாய் இருந்தன. ஆண்டெல்லாம் முள்ளாக மட்டும் நிற்கும் செடிகள், எங்கிருந்தோ இரவல் வாங்கியது போலப் பச்சை இலை போட்டிருந்தன. வெள்ளைப் பட்டை மரங்கள் பள்ளத்தின் சுவரில் தூக்கத்தில் நடப்பவர்கள் போல நின்றன. மஞ்சள் பட்டாம்பூச்சிகள் ஒரு நாடா போல எங்களுக்கு முன்னே நீண்டு, கவர்னரம்மா வாலை ஆட்டியதும் கலைந்து, மறுபடி நாடாவாயின. கூழாங்கல் மேல் குளம்பு படும் ஓசை சுவரில் பட்டுத் திரும்பி வந்ததில், முன்னால் இன்னொரு கழுதை போவதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஏற்றத்தில் கீழே பார்க்கவில்லை. ஒரு கையால் பாறையைத் தொட்டுக்கொண்டே போனேன். பாறை உடம்புச் சூடாக இருந்தது. மேலே மொட்டைமேடு வந்ததும் காற்று, இரண்டு கடல்களின் காற்று. கிழக்கே கடல் நீலக் கோடாகத் தெரிந்தது, மேற்கே கடல் இருக்க வேண்டிய இடத்தில் மூடுபனி படுத்திருந்தது. நடுவில் கார்தோன் கள்ளிகள், ஆளைவிடப் பலமடங்கு உயரமாக, எங்கோ போகக் கிளம்பியவர்கள் எதற்குக் கிளம்பினோம் என்று மறந்து நின்றுவிட்டது போல. அங்கே நடந்தால் நாம் நகர்கிறோமா, மலை நகர்கிறதா என்று தெரியாது. அரைநாள் நடந்த பிறகும் அதே கள்ளிதான் பக்கத்தில் வருவது போலிருக்கும்.

மதிய வெயிலில் ஒரு குடைவில் ஒதுங்கினோம். அந்தக் குடைவின் கூரையில், யாரோ எந்தக் காலத்திலோ தீட்டிய சிவப்பு மனிதர்கள் கைகளை உயர்த்தி நிற்பார்கள். சிலர் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. முகம் கிடையாது. அவர்களுக்குக் கீழே உப்புக்கண்டத்தைக் கிழித்து ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தோம். கண்ணை மூடினாலும் அந்தக் கைகள் தெரிந்தன.

"அக்கா, என்ன சொல்லப்போறே?"

அவள் தொப்பியை முகத்தின் மேல் போட்டிருந்தாள். தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது. "சரின்னுதான்."

"அப்போ எல் சவுஸுக்குப் போயிடுவியா?"

"அதான் இல்ல." தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். "எனக்கு அந்த மனுஷன் வேணும்டீ. ஆனா என் சுனையை விட்டுட்டுப் போக முடியாது. நீங்க இங்க வந்துடுங்கன்னு கேக்கப்போறேன்."

இதைக் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மலையில் பெண்தான் போவாள். ஆண் பெண்வீட்டுக்கு வந்து தங்கிய கதை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவரைச் சாகும்வரை வீட்டோட மாப்பிள்ளை என்று கேலி செய்தார்கள், செத்த பிறகும் நிறுத்தவில்லை.

"ஒத்துக்குவாரா?"

"மாட்டாருன்னுதான் தோணுது. ரேடியோவுல மீசைங்கிறவன், நாளைக்கு அவரைப் பாவாடைங்குவான். முரியோ வீட்டு ஆம்பளைங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி." தொப்பியை எடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள். "ஆனா கேக்காம இருந்துட்டா லாரி வந்துடும். போயிடுவாரு. அப்புறம் இந்தத் தடத்துல என் காலடி மட்டும்தான் இருக்கும். அதைப் பாத்துக்கிட்டே நடக்க என்னால ஆகாது."

சிவப்பு மனிதர்கள் கையை இறக்கவே இல்லை. நான் அவர்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எல் சவுஸை மறுநாள் முற்பகலில் அடைந்தோம். வேலியை எட்டும் முன்பே அக்காவின் நடை மாறிவிட்டது. நாய் குரைக்கவில்லை. அடுப்புப் புகை இல்லை. பட்டியில் ஓர் ஆடு இல்லை. வேலிக்கதவின் முன்னால் நின்றாள். ஆளில்லாத வீட்டு வேலிக்குள் எங்கள் ஆட்கள் கால் வைக்க மாட்டார்கள். கதவில் கைவைத்து உள்ளே பார்த்தாள். வீட்டுக் கதவு கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. பனையோலைப் பந்தலின் கீழ் வெறும் மண்.

"நாற்காலி இல்ல" என்றாள்.

எங்கள் பண்ணைகளில் ஆளுக்கொரு நாற்காலி உண்டு, அவரவர் முதுகுக்கு அளவெடுத்துச் செய்து தோல் இழுத்துக் கட்டியது. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். வெளியே போகிறவர்கள் துணியை எடுத்துப் போவார்கள், சட்டியை எடுத்துப் போவார்கள். நாற்காலியை எடுத்துப் போகிறவர் திரும்பி வருவதில்லை.

அக்கா குனிந்து மண்ணைப் பார்த்தாள். நான் பார்த்தாலும் தெரிந்தது. இரண்டு கோவேறு கழுதைகள், சுமை கனத்ததால் குளம்பு ஆழமாய் இறங்கியிருந்தது. நாய் ஒன்று. முன்னால் அந்த இடதுகால் வெளியே திரும்பிய செருப்பு. எல்லாம் நீலப்பனைப் பள்ளத்தாக்கைப் பார்த்துப் போயிருந்தன. அந்த வழியின் கடைசியில்தான் லாரிகள் வரும் மண்ரோடு பிரிகிறது.

"ஆட்டையெல்லாம் யாருக்கோ குடுத்துட்டாரு. நாயைக்கூடக் கூட்டிட்டுப் போயிட்டாரு." விரலால் ஒரு தடத்தின் விளிம்பைத் தொட்டாள். மண் உதிர்ந்தது. "நாம கிளம்புறதுக்கு முன்னாடியே போயிருக்காரு. அதான் நேத்து ரேடியோவுல சத்தமே இல்ல. பதிலுக்கு இருக்க அவருக்குப் பொறுமை இல்ல."

"அக்கா, மழை பெஞ்சு பத்து நாளாச்சு. நீதான் கட்டி காயணும், குட்டி தேறணும்னு தள்ளிப்போட்டே."

"தெரியும், புள்ள. வாயை மூடு."

அவள் அழவில்லை. கவர்னரம்மாவுக்குத் தண்ணீர் காட்டினாள். தன் தொப்பியைக் கழற்றி, எதற்கோ அதன் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு அந்தத் தடத்தின் மேல் நடக்கத் தொடங்கினாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கனவு போலத்தான் ஞாபகம். பள்ளத்தாக்கின் அடியில் நீலப்பனைகள், பெயருக்கேற்ப நீலமாக, நிலவு ஒட்டிக்கொண்டது போன்ற ஓலைகளோடு வரிசையாக நின்றன. மணல் மெத்தென்று இருந்தது. எங்கள் சத்தமே எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா தடத்தைப் படித்துக்கொண்டே வந்தாள், யாரிடமோ பேசுவது போல, மெதுவாக.

"இங்க நின்னு சுமையைச் சரி பண்ணியிருக்காரு. இடது பக்கம் சாஞ்சிருக்கு... நாய் பல்லியைத் துரத்தியிருக்கு, பாரு... இங்க மண்டி போட்டுருக்காரு. முட்டி வலிச்சிருக்கும். கையை ஊனித்தான் எந்திரிச்சிருக்காரு..."

சில இடங்களில் அவள் காலடியை அவர் காலடிக்குப் பக்கத்தில் வைத்து நடந்தாள். திரும்பிப் பார்த்தால் மணலில் இரண்டு பேர் சேர்ந்து போன தடம் நீண்டு கிடந்தது. நான் ஓரமாகப் பாறைமேல் ஏறி நடந்தேன், என் டிராக்டர் தடம் அதில் விழக்கூடாதென்று.

பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் மண்ரோடு. வலப்பக்கம் ஒரு சின்னக் கணவாய் ஏறி பல்மரித்தோ. அந்த இடத்துக்கு வந்தபோது தடம் இல்லை. முந்தின மாலை எங்கோ மேலே பெய்த மழை ஒரு வீச்சாக இறங்கி வந்து ஓடையின் மணலை அலசி, வழித்துக்கொண்டு போயிருந்தது. வெறும் கல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுவென்று, யாருமே இதுவரை நடக்காத உலகம் போல.

அக்கா நடுவில் நின்றாள். கவர்னரம்மா வீட்டுப் பக்கமாக மூக்கைத் திருப்பியது. அவள் கயிற்றை இழுத்து நிறுத்தினாள்.

"நீ இதைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ, நெரே. நான் ரோட்டுக்குப் போறேன்."

"லாரி போயிருந்தா?"

"போயிருந்தா கடற்கரைக்கு நடப்பேன். ஒரு தரம் நடந்து வந்தவதானே."

"போய்?"

"சொல்லிட்டு வருவேன். சரின்னும் சொல்வேன், நீங்க வாங்கன்னும் சொல்வேன். அவர் மக முன்னாடி, லாரிக்காரன் முன்னாடி, யாரு முன்னாடியும் சொல்வேன். வரலைன்னா வரவேண்டாம். கேக்காமப் போனவளா மட்டும் நான் இருக்க மாட்டேன்."

வெயிலில் அவள் முகம் தொப்பி நிழலுக்குள் கறுத்திருந்தது. கண் மட்டும் தெரிந்தது. அவள் தோல்பையில் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது. ரோடு வரை துளி நீர் கிடையாது. வீட்டு வழியில் கொஞ்சம் ஏறினால் கணவாய் அடிவாரத்தில் ஒரு சுனை உண்டு. "இரு, ரொப்பிட்டு வந்துடுறேன்" என்று பையை வாங்கிக்கொண்டு போனேன். அவள் அங்கேயே, கல்லின் மேல், கழுதையின் நிழலில் உட்கார்ந்தாள்.

சுனை ஒரு பாறைக் கூரையின் கீழே இருக்கிறது. வெள்ளம் அந்த உயரத்துக்கு வரவில்லை. நான் பையைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துப் பாறையில் ஒரு வெள்ளைப் பொருக்கைக் கண்டேன். தொட்டேன். காய்ந்த சோப்பு. அதில் நரைத்த மயிர்த்துணுக்குகள் ஒட்டியிருந்தன. சுனைக்கரை மண்ணில் நான்கு வட்டக் குழிகள். கோடாரிக் காம்பால் குத்தியது போல, ஒரு சதுரத்தின் மூலைகளில், நான்கே நான்கு.

எனக்கு என்னவென்று புரியவில்லை. கூப்பிட்டேன். "அக்கா! இங்க வாயேன்!"

"ரொப்பிட்டியா?"

"வாயேன்!"

சலித்துக்கொண்டே வந்தாள். சோப்பைப் பார்த்தாள். குழிகளைப் பார்த்தாள். குனிந்து, பின்னாலிருந்த இரண்டு குழிகளுக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு முன்னாலிருந்த இரண்டிலும் விட்டாள். குழிகளுக்கு முன்னால் இரண்டு செருப்புக் குதிகால்கள் பதிந்திருந்தன, இடது வெளியே திரும்பி.

"நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்காரு" என்றாள். "சுமையை இறக்கி, நாற்காலியை அவிழ்த்து, இங்க போட்டு உக்காந்து, முகம் மழிச்சிருக்காரு."

"இங்கயா? எதுக்கு? ரோடு அந்தப் பக்கமாச்சே."

அந்த நான்கு குழிகளுக்கு நடுவில், மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் பார்த்த பக்கமே பார்த்தாள். அங்கே கணவாய் தெரிந்தது. கணவாய்க்கு அப்பால் பல்மரித்தோ. ஆளரவமற்ற மலையிடுக்கில் ஒரு மனிதர் தன் வீட்டு நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் நுரையோடு, அவள் வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் காட்சி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வேண்டுமானால் இன்றைக்கும் வரும்.

அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பதறிப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காமலே வர்றாரு பாருடீ. நாற்காலியைத் தூக்கிக்கிட்டு. நான் என்னென்னமோ பேசி வச்சிருந்தேன், அத்தனையும் வீணாப் போச்சு."

"அப்போ சீக்கிரம் போலாம் அக்கா! அவர் நேத்தே இந்த வழியா வந்துட்டாரு போலிருக்கே."

"போலாம், போலாம். இத்தனை வருஷமா நான் அவர் குதிகாலைப் பாத்துக்கிட்டே நடந்தாச்சு. இப்போ அவர் உக்காந்து நம்ம வழியைப் பாக்கட்டும்." தொப்பியைக் கழற்றி எறிந்தாள், பின்னலை அவிழ்த்தாள். "அந்தச் சோப்புத் துண்டு ஏதும் மிச்சம் வச்சிருக்காரான்னு பாரு."

இல்லை. முழுக்கக் கரைத்திருந்தார். அவள் வெறும் தண்ணீரிலேயே தலையை அலசினாள். நான் கள்ளிச் சுள்ளி பொறுக்கிக் காபி போட்டேன். தலை காயும்வரை பாறைமேல் படுத்துக் கிடந்தோம். மேகமே இல்லாத வானத்தில் ஒரு கழுகு அசையாமல் தொங்கியது. அவசரப்படுத்தினால் அந்தப் பொழுது உடைந்துவிடும் போலிருந்தது. கவர்னரம்மாகூட, வீடு பக்கத்தில்தான் என்று தெரிந்தும், நின்றபடியே தூங்கியது.

பல்மரித்தோவில் இறங்கும்போது சாயங்கால வெயில் பனைகளின் உச்சியில் மட்டும் இருந்தது. தூரத்திலேயே தெரிந்தது. அக்கா வீட்டு வேலிக்கு வெளியே, கருவேல நிழலில், நாற்காலி போட்டு ஒருவர். பக்கத்தில் சுமை இறக்கிய இரண்டு கழுதைகள், ஒரு நாய், கூண்டில் கோழிகள். கொஞ்சம் தள்ளி என் அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து கத்தினார்.

"ஏ உபால்தினா! இந்த ஆளை எடுத்துக்கிட்டுப் போம்மா! வந்ததுலேர்ந்து இதே இடத்துல உக்காந்திருக்காரு. சாப்பிடக் கூப்பிட்டா வந்து சாப்பிடுறாரு, திரும்பி வந்து உக்காந்துக்கிறாரு. என் ஆடெல்லாம் இவரைப் பாறைன்னு நினைச்சுச் சொறிஞ்சுக்குதுங்க!"

நிக்கானோர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். மழித்த கன்னத்தில் மறுபடி நரை முளைத்திருந்தது. அவருக்கு என் அக்காவைவிட உயரம் குறைவு என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"உங்க தடம் ஏற்றத்துப் பக்கம் போயிருந்துச்சு" என்றார். "நான் பின்னாலயே வந்தா அதுக்குள்ள நீங்க சுத்தி இங்க வந்துடுவீங்க. அதான் உக்காந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு."

"லாரி வேணாம்னு மககிட்ட சொல்லியனுப்பிட்டேன். ஆடுங்க மச்சினன்கிட்ட இருக்கு, பின்னாடி ஓட்டிக்கிட்டு வருவான். எல் சவுஸ்ல தண்ணி கொஞ்சம்தான். நீங்க உங்க சுனையை விட்டு வருவீங்கன்னு எனக்குத் தோணல. நானே..." தொப்பியைக் கைக்குள் சுற்றினார். "நீங்க வேணாம்னா இப்படியே சுத்தி எல் சவுஸுக்கே போயிடுறேன்."

"ரேடியோவுல என்னென்ன பேசுவாங்க, தெரியுமில்ல?"

"பேசட்டும். நான் பெட்டியைக் கொண்டு வரல."

அப்பா சத்தம்போட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவரைத் தாண்டி நடந்து வேலிக்கதவைத் தள்ளித் திறந்தாள், கழுதையை உள்ளே விட்டாள், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நாற்காலியைப் பந்தலுக்குக் கீழ கொண்டாந்து போடுங்க. அங்க காத்து வரும்."

அவர் கொண்டுவந்தார். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போடுவதா, எதிரில் போடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு நடுவாந்திரமாக, எந்தப் பக்கமும் பார்க்காத மாதிரி வைத்து உட்கார்ந்தார். நாய் அதன் அடியில் போய்ப் படுத்தது.

நான் சமையலறைக்குள் போனேன். அக்கா அடுப்பில் நெருப்பு மூட்டி, காபித்தண்ணி கொதிக்க வைத்திருந்தாள். இரண்டு குவளை எடுத்து வைத்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்தாள், கரண்டியை எடுத்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"நெரே," என்றாள் ரகசியமாக, "இவருக்குச் சர்க்கரை எவ்வளவுடீ?"

"எனக்கெப்படித் தெரியும்? உனக்குத்தானே அவரைப் பத்தி எல்லாம் தெரியும்."

"கேலி பண்ணாதே." கரண்டியைச் சர்க்கரைக்குள் குத்தி வைத்தாள். "சித்தப்பாவைக் கேளேன்."

"அப்பாவைக் கேட்டா நாளைக்குக் காலையில லாஸ் தூனாஸ்ல இதான் செய்தி."

அவள் கொதிக்கும் தண்ணீரில் காபித்தூளைப் போட்டாள். வெளியே பந்தலின் கீழ் நாற்காலியின் தோல் கிரீச்சிட்டது. கடைசியில் கழுத்தை மட்டும் வாசல் பக்கம் நீட்டினாள்.

"ஏங்க, சர்க்கரை எத்தனை கரண்டி?"

வெளியே நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. யோசிக்கிறார். உள்ளதைச் சொன்னால் என்ன நினைத்துக்கொள்வாளோ என்று யோசிக்கிறார்.

"நாலு" என்று தயங்கித் தயங்கி வந்தது குரல்.

"நாலா!" என்றாள் அக்கா.